கையே கண்ணாக: பார்வையற்ற இசைக்கலைஞருக்கு ஏற்ற கீபோர்ட் எது?

இசைக்குக் கண் வேண்டியதில்லை, காது இருந்தால் போதும் என்று சொல்வது வழக்கம். ஆனால் இன்று கடைகளில் விற்கப்படும் மின்னணுக் கீபோர்டுகளில் பெரும்பாலானவை, வாங்குபவருக்குக் கண் இருக்கிறது என்ற எண்ணத்துடனேயே செய்யப்பட்டிருக்கின்றன. பார்வையற்ற ஒரு பிள்ளைக்கோ பெரியவருக்கோ கீபோர்ட் வாங்கப் போகும் குடும்பத்தினர் இதனை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். வாத்தியம் தவறாக அமைந்துவிட்டால், வாசிக்கத் தெரிந்த ஒருவர் தமக்கு வேண்டிய ஒலியை எடுப்பதற்குக்கூட ஒவ்வொரு முறையும் தம்பியையோ தங்கையையோ கூப்பிட வேண்டியிருக்கும். சரியாக அமைந்துவிட்டால் அவர் எவர் துணையுமின்றி மேடையேறலாம். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் விலையில் இல்லை. எதைத் தெரிவு செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

கட்டைகளில் சிக்கல் இல்லை

ஆர்மோனியத்தை எடுத்துக்கொள்வோம். அதில் மறைந்திருப்பது எதுவுமில்லை. கட்டைகள், துருத்தி, முன்பக்கத்தில் இழுக்கும் குமிழ்கள் எல்லாமே கைக்கு எட்டும் இடத்தில் உள்ளன. ஒரு குமிழை இழுத்திருக்கிறோமா இல்லையா என்பதை விரல் தொட்டவுடனே அறிந்துகொள்ளும். பிறவியிலேயே பார்வையற்றவரான இரவீந்திர ஜெயின் (1944–2015) ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டே இந்தித் திரையுலகில் பெரும் இசையமைப்பாளராக விளங்கினார். 1987இல் தொடங்கிய தொலைக்காட்சி இராமாயணத் தொடருக்கு இசையமைத்தவரும் அவரே. கர்நாடக இசையிலும், சிறு வயதிலேயே பார்வையை இழந்த வயலின் வித்துவான் எம். சந்திரசேகரன் 2005இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். வயலினில் மெனுவும் இல்லை, திரையும் இல்லை.

கீபோர்டின் கட்டைகளும் இப்படித்தான். கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று என்று கூட்டங்கூட்டமாக நிற்பதால், விரல் பட்டதும் எந்த ஸ்வரத்தில் இருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். பார்வையுள்ள நல்ல வாசிப்பாளர்களும் கட்டைகளைப் பார்த்து வாசிப்பதில்லை. ஆகவே சிக்கல் கட்டைகளில் இல்லை. அவற்றுக்கு மேலே உள்ள பலகையில்தான் இருக்கிறது. புல்லாங்குழல் ஒலி வேண்டுமா, வயலின் ஒலி வேண்டுமா, தாளம் வேண்டுமா, சுருதியை ஏற்றவா இறக்கவா என்பவை எல்லாம் அந்தப் பலகையிலும் அதன் நடுவில் உள்ள சிறு திரையிலும் முடிவாகின்றன. திரையில் எழுத்து மாறுகிறது. ஆனால் வாத்தியம் அதனை வாய்விட்டுச் சொல்வதில்லை.

இந்தச் சுவர் எழுந்த வரலாறு

பார்வையற்றோருக்கும் கட்டை வாத்தியங்களுக்கும் உள்ள உறவு பழையது. புள்ளி எழுத்தைத் தந்த லூயி பிரெய்ல் (1809–1852) பாரிஸ் நகரத் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தவர். 1829இல், தமது இருபதாம் வயதில் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே, சொற்களோடு இசையையும் புள்ளிகளால் எழுதும் முறை என்ற கருத்து இடம்பெற்றிருந்தது. அந்த ஆர்கன்களில் ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனிக் குமிழ் உண்டு; குமிழின் இடம் ஒருபோதும் மாறாது. இலண்டன் பற்றர்சீயில் 1919இல் பார்வையற்றவராகப் பிறந்த ஜோர்ஜ் ஷியரிங், லிண்டன் லொட்ஜ் என்னும் பார்வையற்றோர் பாடசாலையில் பயின்று, பின்னர் அமெரிக்கா சென்று உலகறிந்த ஜாஸ் பியானோ கலைஞரானார். அவருக்கும் பியானோ எதையும் மறைக்கவில்லை.

மின்னணு வாத்தியங்களும் தொடக்கத்தில் கைக்கு இணக்கமாகவே இருந்தன. 1970இல் வந்த மினிமூக் என்னும் சிந்தசைசரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குமிழ் இருந்தது. திருகினால் ஒலி மாறும்; காது கேட்டறியும். 1978இல் வந்த புரொபெட்-5, அமைத்த ஒலிகளை நினைவில் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது. 1983இல் யமஹா வெளியிட்ட டி.எக்ஸ்.7 உலகெங்கும் பரவியது. ஆனால் அதன் பொத்தான்கள் தட்டையான தோல் போன்ற பரப்பின்கீழ் அமைந்தவை. ஒலியை மாற்றியமைக்கும் செய்திகள் யாவும் இரண்டு வரிகள் கொண்ட சிறு திரையில் வந்தன. 1995இல் கோர்க் நிறுவனத்தின் டிரினிட்டி தொடுதிரையையே கொண்டுவந்தது. கண்ணாடிப் பரப்பில் பொத்தான் எங்கே இருக்கிறது என்று விரல் எப்படி அறியும்? இப்படியாக வாத்தியத்தின் அறிவு வளர வளர, பார்வையற்றவருக்கும் அதற்கும் இடையே ஒரு சுவர் எழுந்தது. யாரும் வேண்டுமென்று எழுப்பிய சுவர் அல்ல அது. யாரும் எண்ணிப் பார்க்காததால் எழுந்த சுவர்.

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. அமெரிக்கரான ரேமண்ட் கேர்ஸ்வைல், அச்சிட்ட நூலை உரக்க வாசிக்கும் இயந்திரத்தை 1976இல் வெளியிட்டார். அதனை முதலில் வாங்கியவர்களுள் ஒருவர், குழந்தைப் பருவம் முதல் பார்வையற்றவரான பாடகர் ஸ்டீவி வொண்டர். வாசிப்பு இயந்திரத்தினால் தொடங்கிய நட்பு வாத்தியத்தில் முடிந்தது. உண்மையான பியானோவின் ஒலியழகையும் கணினியின் கட்டுப்பாட்டையும் ஒரே கருவியில் பெற முடியாதா என்று 1982இல் வொண்டர் கேட்டார். அதே ஆண்டில் கேர்ஸ்வைல் ஓர் இசைக்கருவி நிறுவனத்தைத் தொடங்கினார். 1984இல் கே-250 என்னும் கீபோர்ட் விற்பனைக்கு வந்தது. மெய்யான வாத்திய ஒலிகளைப் பதிவு செய்து கட்டைகளில் தந்த கீபோர்டுகளுள் முன்னோடியாக அது கருதப்படுகிறது. பார்வையற்ற ஒருவரின் தேவையைக் காது கொடுத்துக் கேட்டதனால் உலகம் முழுவதற்கும் கிடைத்த பயன் அது.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

விளம்பரத் தாளில் எத்தனை நூறு ஒலிகள், எத்தனை தாளங்கள் என்றுதான் எழுதியிருக்கும். அவற்றைப் பார்த்து முடிவு செய்யலாகாது. வாசிக்கப் போகிறவரே கடைக்குச் சென்று, கீழ்க்கண்டவற்றைத் தம் கையால் சோதித்துப் பார்க்க வேண்டும். உடன் செல்பவர் திரையின்மேல் ஒரு தாளை வைத்து மறைத்துவிட்டால், உண்மை விரைவில் வெளிப்படும்.

முதலாவது, மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பலகையைத் தடவிப் பார்ப்பது. ஒவ்வொரு பொத்தானும் மேடாக, தனித்தனியாக, விரலுக்குத் தெரிகிறதா? பொத்தான்களுக்கு இடையே இடைவெளி உண்டா? கேசியோவின் பி.எக்ஸ்-எஸ்1000 (2019) போன்ற சில மெல்லிய மின்பியானோக்களில் மேற்பரப்பு கண்ணாடி போல் வழுவழுப்பாக இருக்கும். மின்சாரம் வந்தால்தான் குறிகள் ஒளிரும். அழகான வாத்தியம்தான், கட்டைகளும் நல்லவை. ஆனால் அத்தகைய பரப்பைத் தடவித் தேடவே முடியாது. தேடும் விரல் பட்ட மாத்திரத்திலேயே வாத்தியம் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். பார்வையற்றவருக்குத் தொடுவது என்பது பார்ப்பது. பார்ப்பதையே அழுத்துவதாக எண்ணும் கருவியுடன் காலம் தள்ளுவது கடினம்.

இரண்டாவது, ஒலியைத் தெரிவு செய்யும் முறை. சில கீபோர்டுகளில் 0 முதல் 9 வரை எண் பொத்தான்கள் உண்டு. கேசியோ சி.டி-எக்ஸ்700 என்னும் மாதிரியில் 600 ஒலிகள். எண்ணை அழுத்தினால் அந்த ஒலி வந்துவிடும். முன்பு எங்கே இருந்தாலும், அதே எண் அதே இடத்திற்குத்தான் கொண்டு செல்லும். தொலைபேசி எண்ணை மனப்பாடம் செய்வதைப் போல, வேண்டிய இருபது முப்பது எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். வேறு சில கீபோர்டுகளில் எண் பொத்தான்களுக்குப் பதில் சுழலும் சக்கரம் மட்டுமே இருக்கும். அதற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. எங்கிருந்து புறப்பட்டோம் என்று தெரியாமல் எத்தனை சுற்றுச் சுற்றினாலும், எங்கே வந்து சேர்ந்தோம் என்பது தெரியாது. எண் பொத்தான் உள்ளதே பார்வையற்றவருக்கு உகந்தது.

மூன்றாவது, வழி தவறினால் வீடு திரும்ப முடிகிறதா என்பது. இதுவே மற்ற எல்லாவற்றிலும் முக்கியமானது. எவ்வளவு பழகியவருக்கும் மேடையில் கை தவறும். அப்போது ஒரே ஒரு பொத்தானில் பழைய நிலைக்கு வர முடியுமா? யமஹாவின் பி.எஸ்.ஆர்-இ வரிசையில் எந்நிலையில் இருந்தாலும் பியானோ ஒலிக்குக் கொண்டுவரும் தனிப் பொத்தான் உண்டு. கூட்டல், கழித்தல் பொத்தான்கள் இரண்டையும் ஒன்றாக அழுத்தினால், மாற்றிய அளவு தன் இயல்பான நிலைக்குத் திரும்பும் வசதி பல கீபோர்டுகளில் இருக்கிறது. அதே யமஹா வரிசையில், வலக்கோடியில் உள்ள வெள்ளைக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மின்சாரத்தைப் போட்டால் அமைப்புகள் யாவும் தொழிற்சாலை நிலைக்கு மீளும். திரை பார்க்க வேண்டியதே இல்லை. ஆனால் சேமித்து வைத்தவையும் அதில் அழிந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. இத்தகைய வழிகளைக் கடைக்காரர்கள் சொல்வது அரிது. கைநூலில்தான் தேட வேண்டும்.

நான்காவது, சேமித்து வைக்கும் பொத்தான்கள். தமக்கு வேண்டிய ஒலி, தாளம், வேகம் ஆகியவற்றை ஒன்று சேர்த்து ஒரு பொத்தானில் வைத்துக்கொள்ளும் வசதி நடுத்தர விலைக் கீபோர்டுகளிலேயே கிடைக்கிறது. பார்வையுள்ள நண்பர் ஒருவர் ஒரு நாள் உதவி செய்தால், பல மாதங்களுக்கு அவர் துணையின்றி வாசிக்கலாம். எனினும் சேமிப்பதைத் தாமே செய்ய முடிகிறதா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

ஐந்தாவது, தானே அணைந்துபோகும் பழக்கம். மின்சாரத்தைச் சிக்கனம் செய்யவென்று இக்காலக் கீபோர்டுகள் பல, சிறிது நேரம் வாசிக்காமல் விட்டால் தாமாகவே அணைந்துவிடும். நீண்ட உரைக்குப் பின் வாசிக்கக் கை வைத்தால் ஓசை வராது. அணைந்துவிட்டதா, ஒலியளவு குறைந்துவிட்டதா, கம்பி கழன்றுவிட்டதா என்று பார்வையற்றவர் தடுமாற நேரிடும். இதனை நிறுத்தி வைக்கும் வழி உண்டா என்று கேட்டறிய வேண்டும். மேற்சொன்ன யமஹா வரிசையில் இடக்கோடிக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மின்சாரத்தைப் போட்டால் இது நின்றுவிடும்.

எளிய வாத்தியத்தின் பெருமை

விலை கூடக் கூட வசதி கூடும் என்று எண்ணுவது இயல்பு. பார்வையற்றவர் விஷயத்தில் இது பல வேளைகளில் தலைகீழாக இருக்கிறது. விலை கூடியவற்றில் பெரிய தொடுதிரை இருக்கும். விலை குறைந்த சில மின்பியானோக்களிலோ திரையே இருக்காது. யமஹா பி-45, அதன் பின் 2023இல் வந்த பி-145, ரோலண்ட் எப்.பி-10, கேசியோ சி.டி.பி-எஸ்100 ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. ஓரிரு பொத்தான்களே இருக்கும். ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டு குறித்த ஒரு கட்டையை அழுத்தினால் ஒலி மாறும். வேறொரு கட்டையை அழுத்தினால் தாளக்கருவி ஒலிக்கும். கட்டைகளே பொத்தான்களாகிவிடுகின்றன. கட்டைகளின் இடமோ விரலுக்கு ஏற்கெனவே மனப்பாடம். எந்தக் கட்டைக்கு எந்த வேலை என்ற பட்டியலை ஒருமுறை யாராவது வாசித்துக் காட்டினால் போதும்.

பியானோ முறையாகப் பயிலும் பிள்ளைக்கு 88 கட்டைகளும் பாரமான தொடு உணர்வும் கொண்ட இத்தகைய கருவியே சிறந்தது. பஜனைக்கும் மெல்லிசைக்கும் பல ஒலிகளும் தாளங்களும் வேண்டுமென்றால், எண் பொத்தான்கள் கொண்ட 61 கட்டைக் கீபோர்ட் பொருந்தும். நமது சங்கீதத்தின் கமகங்களை ஓரளவாவது காட்ட விரும்புவோர், இடப்பக்கத்தில் ஸ்வரத்தை வளைக்கும் சக்கரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யமஹா பி.எஸ்.ஆர்-இ473இல் அது உண்டு. அதன் தம்பியான இ373இல் இல்லை. கை எடுத்தவுடன் நடுநிலைக்குத் திரும்பும் சக்கரமாகையால், அதனைக் கண்ணின்றிப் பயன்படுத்துவதில் இடர் இல்லை.

சுருதி மாற்றும் பொத்தான்

பாடுவோரின் சுருதிக்கேற்ப வாத்தியத்தை ஏற்றி இறக்கும் பொத்தான் எல்லாக் கீபோர்டிலும் உண்டு. பஜனைகளில் ஒருவர் நாலு கட்டையில் பாடுவார், அடுத்தவர் ஒன்றரையில் பாடுவார். அப்போது இது பெரிதும் உதவும். ஆனால் பார்வையற்றவருக்கு இதில் ஓர் அபாயம் இருக்கிறது. பொத்தான் தவறுதலாக ஒருமுறை அழுந்திவிட்டால் திரையில் எண் மாறும், அவருக்குத் தெரியாது. பாடல் தொடங்கிய பிறகுதான் குரலும் வாத்தியமும் வேறு வேறு இடத்தில் நிற்பது விளங்கும். ஆகவே இந்தப் பொத்தான்கள் மற்றவற்றிலிருந்து விலகி இருப்பது நல்லது. தொடங்குமுன் சுருதிப் பெட்டியுடன் ஒரு கட்டையை ஒப்பிட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். எந்தச் சுருதியிலும் பொத்தானின் துணையின்றி வாசிக்கக் கைகளைப் பழக்கிவிட்டால் இந்தக் கவலையே இராது. அது காலம் எடுக்கும் பயிற்சி. ஆனால் ஒருவரும் பறிக்க முடியாத சொத்து.

பேசும் கருவிகள்

அண்மைக் காலத்தில் சில நிறுவனங்கள் விழித்துக்கொண்டிருக்கின்றன. யமஹாவின் விலை கூடிய மாதிரிகள் சிலவற்றில் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் குரல் வழிகாட்டி வந்திருக்கிறது. ஜெர்மனியின் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2014இல் அறிமுகம் செய்த கொம்ப்ளீட் கொன்ட்ரோல் எஸ் வரிசைக்குப் பின்னர் பேசும் வசதி சேர்க்கப்பட்டது. குமிழைத் தொட்டாலே அது எதற்கான குமிழ் என்று குரல் சொல்லும். திருப்பினால் அளவைச் சொல்லும். ஆனால் அது தனித்து ஒலிக்கும் வாத்தியமன்று. கணினியுடன் இணைத்தே வாசிக்க வேண்டும். வாங்குமுன், குறித்த மாதிரியில் குரல் வசதி இருக்கிறதா, எந்த மொழியில் பேசுகிறது, எல்லா மெனுக்களையும் வாசிக்கிறதா, சிலவற்றை மட்டுமா என்று நேரில் கேட்டுப் பார்ப்பது அவசியம்.

கீபோர்ட் ஊமையாயினும் கணினி பேசும். 1983இல் பல நிறுவனங்கள் ஒன்றுகூடி ஏற்றுக்கொண்ட மிடி என்னும் பொது மொழியினால், ஒரு நிறுவனத்தின் கீபோர்ட் இன்னொன்றின் கருவியை இயக்க முடியும். கம்பியால் கணினியுடன் இணைத்துவிட்டால், ஒலிகளைக் கணினியிலிருந்தே தெரிவு செய்யலாம். திரையை வாசிக்கும் மென்பொருள்களுள் என்.வி.டி.ஏ என்பது 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவர் ஒருவரால் தொடங்கப்பட்டது, இலவசமாகக் கிடைக்கிறது. ஆப்பிள் ஐபோனில் 2009 முதல் வொய்ஸ்ஓவர் என்னும் வாசிப்பு வசதி உள்ளடங்கியே வருகிறது. அதன் துணையுடன் கராஜ்பேண்ட் என்னும் இலவச இசைச் செயலியைப் பார்வையற்றவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

இவ்வழியில் சில எச்சரிக்கைகளும் உண்டு. வாத்திய ஒலியைக் கேட்பதற்குக் கம்பியில்லாக் காதணியை நம்பக் கூடாது. கட்டையை அழுத்திச் சற்றுப் பிந்தியே ஒலி வரும். தொலைபேசியின் குரல் சபையின் ஒலிபெருக்கியில் கேட்காதவாறு அதனை வேறு வழியில் காதுக்கு மட்டும் கொண்டுவர வேண்டும். முக்கியமான வசதிகள் எல்லாவற்றையும் செயலியின் மூலமே இயக்க வேண்டிய கீபோர்டுகளையும் தவிர்ப்பது நன்று. செயலியை நிறுவனம் கைவிட்டால் வாத்தியம் பாதி ஊமையாகிவிடும். கீபோர்ட் தனித்து நின்று வாசிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். கணினி மேலதிக உதவியாக இருக்கட்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

வாங்கிய பின் பொத்தான்களில் அடையாளம் இடலாம். பார்வையற்றோர் சாதனங்கள் விற்கும் இடங்களில் ஒட்டும் சிறு குமிழ்ப் புள்ளிகள் கிடைக்கின்றன. நகப்பூச்சை ஒரு துளி விட்டுக் காயவைத்தாலும் மேடு உண்டாகும். ஆனால் எல்லாப் பொத்தானிலும் ஒட்டினால் எதுவும் அடையாளமாகாது. எண் பொத்தான்களில் 5, சேமிப்புப் பொத்தான்களில் முதலாவது, நடு ஸ்தாயி ‘ஸி’ கட்டைக்கு நேர் மேலே பலகையில் ஒன்று, இப்படி நாலைந்து இடங்கள் போதும். கட்டைகளின்மேல் எதையும் ஒட்டக் கூடாது. விரலின் ஓட்டத்தைத் தடுக்கும்.

கைநூலைப் பெரும்பாலும் நிறுவனத்தின் தளத்திலிருந்து கோப்பாகப் பெறலாம். ஆனால் பலகையின் அமைப்பைப் படமாகக் காட்டியிருந்தால் வாசிப்பு மென்பொருளால் பயனில்லை. குடும்பத்தில் ஒருவர் அமர்ந்து, இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாக எந்தப் பொத்தான் எங்கே உள்ளது என்பதைச் சொற்களில் எழுதியோ ஒலிப்பதிவு செய்தோ கொடுத்தால், ஒரு மாலைப்பொழுதில் முடியும் அந்த வேலை பல ஆண்டுகளுக்குப் பயன்படும். ஒருவரும் வீட்டில் இல்லாத வேளைகளுக்கு, 2015இல் டென்மார்க்கில் தொடங்கிய பீ மை ஐஸ் என்னும் செயலி உதவும். தொலைபேசியின் காமிராவைத் திரைக்கு நேரே பிடித்தால், உலகின் எங்கோ உள்ள தொண்டர் ஒருவர் அதைப் பார்த்து வாசித்துச் சொல்வார்.

பிரித்தானியாவில் வாங்குவோர் அறிய வேண்டியது

இந்நாட்டில் இணையம் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ வாங்கும் பொருளை, கையில் கிடைத்து 14 நாட்களுக்குள் காரணம் கூறாமலே வேண்டாமென்று அறிவிக்கும் உரிமை 2013ஆம் ஆண்டு விதிகளின்படி பொதுவாக உண்டு. கடையில் நேரே வாங்கியதற்கு இந்த உரிமை தானாகக் கிடைக்காது. திருப்பித் தரலாமா என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமான வசதிகளைச் செய்து தரும் கடமையைக் கடைகளுக்கும் விதிக்கிறது. அமைதியான ஒரு மூலையில், அவசரமின்றி, ஒருமணி நேரம் வாத்தியத்தைத் தொட்டுப் பார்க்க இடம் தாருங்கள் என்று கேட்பது யாசகமன்று. வாத்தியத்தை இயக்கத் தெரிந்த விற்பனையாளர் இருக்கும் நேரத்தை முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, கூட்டமில்லாத வார நாளில் போவது நல்லது.

தேசிய பார்வையற்றோர் நிறுவனமான ஆர்.என்.ஐ.பி, பிரெய்ல் இசைக் குறிப்புகள் உட்பட இத்துறையில் நீண்ட அனுபவம் உள்ளது. பார்வையற்ற பிள்ளைகளின் இசைப் பயிற்சிக்கும் வாத்தியத்துக்கும் பொருளுதவி செய்யும் அம்பர் டிரஸ்ட் என்னும் அறநிலையமும் இங்கே இருக்கிறது. நம்மவருள் பலர் இவற்றை அணுகுவதில்லை. கேட்டால் குறைவு என்ற கூச்சமும், பிள்ளையின் குறையை வெளியே சொல்லலாமா என்ற தயக்கமுமே காரணம். அந்தத் தயக்கத்தின் விலையைப் பிள்ளை கட்டுகிறது.

யார் தெரிவு செய்வது?

பிறந்தநாளுக்கென்று திடீரெனக் கீபோர்ட் வாங்கிக் கொண்டுவந்து வைப்பது அன்பின் அடையாளம்தான். எனினும் பார்வையற்றவருக்கு அப்படி வாங்கலாகாது. காலணியைக் காலில் போட்டுப் பார்க்காமல் வாங்குவதில்லை. வாத்தியத்தையும் வாசிப்பவரின் விரல் தொடாமல் வாங்கக் கூடாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையாயினும், இது எனக்குச் சரிவராது என்று அது சொன்னால் அந்தச் சொல்லே முடிவானது. பெற்றோருக்கு அழகாகத் தோன்றுவதோ, கடைக்காரர் பரிந்துரைப்பதோ அன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடவுள் கண்ணை எடுத்துக்கொண்டு காதைக் கொடுத்தார் என்று நம்மவர்கள் ஆறுதலாகக் கூறுவார்கள். நல்லெண்ணத்துடன் சொல்வதுதான். ஆனால் பார்வையற்றோர் எல்லோருக்கும் இசை தானாக வந்துவிடுவதில்லை. வந்தவர்களுக்கும் அது நாள்தோறும் பல மணி நேரம் உழைத்ததனால் வந்தது. அந்த உழைப்பை மதிப்பதென்றால், அவர் கைக்கு அடங்கும் கருவியை அவரிடம் கொடுப்பதே முதற்படி.

கோயில்களும் சங்கங்களும் மண்டபத்துக்கென்று கீபோர்ட் வாங்குவதுண்டு. அப்போதும் திரையை மறைத்துப் பார்க்கும் சோதனையைச் செய்தால் ஒரு பென்ஸ் கூடச் செலவாகாது. மேடான பொத்தான்களும் எண் பலகையும் உள்ள கருவி, மங்கிய விளக்கொளியில் பஜனைக்கு வாசிக்கும் பார்வையுள்ளவருக்கும் வசதியானதே. கண்ணாடியை வீட்டில் மறந்து வந்த முதியவருக்கும் வசதியானதே. இன்று மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்து தாளம் மட்டும் போடும் ஒரு பார்வையற்ற பிள்ளைக்கோ, அது முன்வரிசைக்கு வருவதற்கான வழியாகும்.